மூன்றாம் தடவை வாயைத் திறக்க வேண்டும்

சிவராமனுடைய இடது கையை அதுவரை யாரும் அனுமதி கேட்டுக்கொண்டு தொட்டதில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற கை அது. அங்கே கிரீஸும் இரும்புத் துகளும் சொல்லிக்கொண்டா வந்து ஒட்டின? இப்போது தினமும் சாயங்காலம், டூட்டி முடிந்து வந்ததும், மகள் ப்ரீத்தி அவர் நாற்காலிக்கு முன்னால் குனிந்து நின்று, "உங்கள் இடது கையைத் தூக்கப் போகிறேன், சரியா?" என்று ஜப்பான் மொழியில் கேட்கிறாள். அவர் "ஹாய்" என்று சொன்ன பிறகுதான் தொடுகிறாள். ஹாய் என்றால் அந்த ஊரில் ஆமாம்.

"கை என்னோடது. அதுக்கு என்ன ஆகப்போகுதுன்னு எனக்கே நியூஸ் வாசிக்கிறா" என்று எதிர் ஃபிளாட் ரங்கநாயகியிடம் அவர் புகார் சொன்னார். ரங்கநாயகி சிரித்துவிட்டு, "உங்களையாவது கேக்குறாளே. எங்க வீட்ல கேட்டா எதையும் செய்றாங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் பாலக்கரை விக்டர் மாஸ்டர். ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர், தையல் கடை மாடியில் ஜப்பான் மொழி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ப்ரீத்தி நர்ஸ். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள், மொழி தெரிந்தால் வேலை நிச்சயம் என்று கேள்விப்பட்டு அவரிடம் சேர்ந்திருந்தாள். புத்தகத்தை மனப்பாடம் செய்கிறவர்களை விக்டருக்குக் கண்டாலே ஆகாது. தினம் பத்து வாக்கியம் கொடுப்பார். பத்தும் அன்றாடம் புழங்கும் வாக்கியம். பத்தையும் ஓர் உயிருள்ள மனிதரிடம் சொல்லியாக வேண்டும் என்பது அவர் சட்டம். "சுவத்தைப் பாத்துச் சொல்லாதீங்க. சுவர் முகம் சுளிக்காது. மனுஷன் சுளிப்பான். அதைப் பாத்துத்தான் பாஷை வரும்" என்பார்.

ஸ்ரீரங்கத்து அந்த ஃபிளாட்டில் முகம் சுளிக்கக் கிடைத்த ஒரே மனிதர் சிவராமன். மனைவி போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. ஆக, "மழை வரும் போலிருக்கிறது" என்பதையும், "இந்த மீன் புதியதா?" என்பதையும், "தனகா அவர்கள் வங்கிக்குப் போனார்" என்பதையும் அவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சுத்த சைவமான அந்த வீட்டில் அந்த மீன் ஒரு வாரம் புதியதாகவே இருந்தது. தனகா வங்கியிலிருந்து திரும்பி வரவேயில்லை.

ப்ரீத்தி வீட்டோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே, "சுமிமாசென், ஒரிமாஸ்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். மன்னிக்கணும், இறங்குறேன் என்று அர்த்தம். "தமிழ்ல சொன்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்கப்பா. இதைச் சொன்னதும் படிக்கட்டு வரைக்கும் வழி விட்டுட்டாங்க" என்று வந்து பெருமைப்பட்டாள்.

முதலில் எரிச்சலாக இருந்தாலும் போகப் போக சிவராமனுக்கே அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. அந்த மொழியில் வாக்கியம் நம்முடையது மாதிரியே நடந்தது. ஆள், இடம், பொருள் எல்லாம் வரிசையாக வந்து, செய்த காரியம் கடைசியில் வந்தது. கேள்வியாக்க வேண்டுமானால் வாலில் ஒரு 'கா' சேர்த்தால் போதும். நாம் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். "இங்கிலீஷ்காரன்தான் தலைகீழாப் பேசி நம்ம உயிரை எடுத்திருக்கான். இவங்க நம்ம ஆளும்மா" என்று ஒருநாள் தீர்ப்பே சொல்லிவிட்டார். அதன் பிறகு "காபி கா?" என்று கேட்டுக்கொண்டு சமையலறைக்குள் வர ஆரம்பித்தார்.

அவருக்கு மிகவும் பிடித்துப்போன வாக்கியம் ஒன்றுதான். "கோஹன் தபேமஷ்தகா?" சாப்டீங்களா? உப்பிலியபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு, ஒருவரை ஒருவர் பார்த்ததும் இதைக் கேட்காத பாஷை என்ன பாஷை என்று எண்ணம். ப்ரீத்தி, "அங்க எல்லாரும் எல்லார்கிட்டயும் இப்படிக் கேக்க மாட்டாங்கப்பா" என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேர்காணல் தேதி வந்தபோது வீட்டில் வேடிக்கை குறைந்தது. ஜப்பானில் ஒரு சிறிய ஊரிலிருக்கும் முதியோர் இல்லத்துக்காரர்கள் வீடியோவில் வருவார்கள். கேள்வி பதில் முடிந்ததும் செய்முறைப் பரீட்சை. சாப்பிட அடம்பிடிக்கும் ஒரு முதியவருக்கு ஊட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு அசைவையும் செய்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும். முதியவரை வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

முதியவர் என்ற சொல் சிவராமனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை.

விக்டர் மாஸ்டரே நேரில் வந்து ஒத்திகை பார்த்தார். "சார், உங்க பார்ட் ரொம்பச் சின்னது. பொண்ணு ஸ்பூனைக் கொண்டு வரும். நீங்க 'இயா தெஸ்'னு தலையைத் திருப்பிக்கணும். வேணாம்னு அர்த்தம். அது சமாதானம் சொல்லும். ரெண்டாம் தடவையும் 'இயா தெஸ்.' அது இன்னும் கொஞ்சம் கெஞ்சும். மூணாம் தடவை வாயைத் திறந்துடணும். அவ்வளவுதான்."

"சம்பந்தி வீட்ல சாப்பிடுற மாதிரி" என்றார் சிவராமன்.

"கரெக்ட்டாப் புடிச்சிட்டீங்க. இன்னொண்ணு சார். அவங்க எங்கேயோ கம்ப்யூட்டருக்குள்ள இருக்காங்கன்னு நினைக்காதீங்க. விறைச்சுப் போயிடுவீங்க. உங்க வீட்டு ஹாலுக்கே வந்து உக்காந்திருக்காங்கன்னு நினைச்சுக்குங்க."

விக்டர் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

ஒத்திகைகள் பிரமாதமாக நடந்தன. சிவராமன் இரண்டு தடவை முகத்தைத் திருப்பி, மூன்றாம் தடவை வாயைத் திறந்தார். ப்ரீத்தி ஒவ்வொரு முறையும் "ஹிதோகுச்சி தகே" என்று கெஞ்சினாள். ஒரு வாய் மட்டும். ஒரு வாய் சோறு என்று நாம் சொல்வதை அப்படியே அவர்களும் வாய் என்றே சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் சிவராமன் தொடையைத் தட்டினார். "பாத்தியா, நம்ம ஆளுங்கதான்!"

ஆனால் படுக்கப் போனதும் வேறொரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் பாஸானால் இந்தச் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டுதான் இருக்கும். அவளுக்கு நல்ல சம்பளம், நல்ல வேலை, அவள் ஆசைப்பட்ட ஊர். எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒற்றைத் தட்டு கண்ணிலேயே நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் போகமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

நேர்காணல் அன்று ப்ரீத்தியின் முறை காலை எட்டரைக்கு வந்தது. அங்கே உச்சிப்பொழுது, மணி பன்னிரண்டு. லேப்டாப்பை மேஜையில் வைத்து, சிவராமனை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் துண்டு விரித்து, பக்கத்தில் குழைந்த தயிர்சாதக் கிண்ணத்தை வைத்திருந்தார்கள். விக்டர் திரையில் தெரியாதபடி பீரோ ஓரமாக நின்றார். வாயைத் திறக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஆகவே கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள், அந்த இல்லத்தின் தலைவி. பக்கத்தில் டை கட்டிய ஒரு மனிதர். இருவரும் தலை குனிந்து வணங்கினார்கள். சிவராமனும் குனிந்தார். கேள்விகளுக்கு ப்ரீத்தி மடமடவென்று பதில் சொன்னாள். விக்டர் கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு செய்முறை. ப்ரீத்தி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "இப்போது சாப்பாடு கொண்டு வருகிறேன்" என்று ஜப்பான் மொழியில் அறிவித்தாள். சிவராமன் இயா தெஸ் சொல்வதற்காக வாயெடுத்தார். அப்போதுதான் திரையைக் கவனித்தார். அந்த அம்மாள் களைத்துப்போயிருந்தார். டை கட்டியவர் ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் முன்னால் தண்ணீர் கிளாஸைத் தவிர ஒன்றுமில்லை. வீட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், மத்தியான வேளையில், வெறும் தண்ணீரோடு!

அவரை அறியாமலே வாய் கேட்டுவிட்டது. "கோஹன் தபேமஷ்தகா?"

இருவரும் திகைத்தார்கள். விக்டர் பீரோவைப் பிடித்துக்கொண்டார். டை கட்டிய மனிதர் நேர்மையானவர் போலிருக்கிறது. "மதா தெஸ்" என்றார். இன்னும் இல்லை.

கேட்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. தெரிந்துவிட்டது. இனி சிவராமன் எப்படிச் சாப்பிடுவது? உப்பிலியபுரத்தில் அவர் வீட்டில் வாசலுக்கு வந்தவர் கை நனைக்காமல் வீட்டார் தட்டில் கை வைத்ததில்லை. ஒருமுறை மீட்டர் பார்க்க வந்தவர் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று எழுதிக்கொண்டிருக்க, அவர் சைக்கிள் கண்மறையும்வரை குடும்பமே ஆறிய களியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாயைத் திறங்கள்" என்றாள் ப்ரீத்தி, ஜப்பான் மொழியில், புன்னகையோடு.

"இயா தெஸ்" என்றார். விக்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். பாதை தவறவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ப்ரீத்தி சமாதான வாக்கியத்தைச் சொன்னாள். இன்றைக்குச் சாதம் மிருதுவாக இருக்கிறது, இத்யாதி. "இயா தெஸ்." அவள் ஸ்பூனை இன்னும் அருகே கொண்டு வந்து, கெஞ்சும் வாக்கியத்தைச் சொன்னாள். ஹிதோகுச்சி தகே. மூன்றாம் தடவை. விக்டர் தன் வாயையே அகலத் திறந்து காட்டினார்.

"இயா தெஸ்" என்று சொல்லி சிவராமன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

ப்ரீத்தியின் முகத்திலிருந்து புன்னகை கழன்றது. "அப்பா, என்னப்பா பண்றீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்.

"அவங்க இன்னும் சாப்பிடலையாம்மா. பசியோட உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி நான் எப்படிம்மா திங்கிறது?"

"அப்பா, இது பரீட்சை!"

"பரீட்சைன்னா வீட்டுக்கு வந்தவங்க இல்லைன்னு ஆயிடுமா?"

நாலாம் தடவையும் ஸ்பூன் வந்தது. நாலாம் தடவையும் அவர் மறுத்தார். அந்த நாலாம் தடவையில்தான் அவருக்குள் அந்த நினைப்பு எட்டிப் பார்த்தது. இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இவள் எங்கேயும் போகமாட்டாள். யாரும் குறை சொல்லவும் முடியாது, விருந்தாளிக்காகத்தானே மறுத்தேன். முதல் மூன்று தடவை அந்த இரண்டு பேருக்காக மறுத்தார், சத்தியம். நாலாவதில் பாதி தனக்காக என்று அவருக்கே நன்றாகத் தெரிந்தது. பெற்ற மகள் கையில் ஸ்பூனோடு நிற்கிறாள், தகப்பன் உள்ளுக்குள் கணக்குப் போடுகிறான். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எதிரில் அந்த இரண்டு பேரும் இன்னும் சாப்பிடாமல்தான் இருந்தார்கள்.

ப்ரீத்தியிடம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் தீர்ந்துவிட்டன. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதை முன்கூட்டி யாருக்கும் அறிவிக்கவில்லை. திரையைப் பார்த்து, திக்கித் திக்கி, தானாகவே வாக்கியம் கட்ட ஆரம்பித்தாள்.

"மன்னிக்கணும். இவருக்கு வியாதி இல்லை. எங்கள் வீட்டில் விருந்தாளி சாப்பிடாமல் அப்பா சாப்பிடுவதில்லை. நீங்கள் விருந்தாளி. நீங்கள் சாப்பிட்டால் அப்பா சாப்பிடுவார். ஆகவே..." பிறகு அப்பாவிடம் கெஞ்சிய அதே குரலில், அந்த இல்லத்துத் தலைவியைப் பார்த்துச் சொன்னாள். "ஹிதோகுச்சி தகே."

தலைவி அம்மாள் டை கட்டியவரிடம் ஏதோ கேட்டார். அவர் காது வரை சிவந்து, குனிந்து, காலடியிலிருந்த பையிலிருந்து கடல்பாசியில் சுற்றிய ஒரு சோற்று உருண்டையை எடுத்தார். அவருடைய மத்தியானச் சாப்பாடு. அம்மாள் அதை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவரிடம் கொடுத்து, மறுபாதியைக் கேமராவுக்கு நேராக உயர்த்திக் காட்டிவிட்டு ஒரு கடி கடித்தார். நிதானமாக மென்றார். டை கட்டியவருக்கு நல்ல பசி, ஒரே வாயில் முடித்துவிட்டார்.

சிவராமனிடம் இனி ஒரு சாக்கும் இல்லை. வாயை அகலத் திறந்தார்.

ப்ரீத்தி ஊட்டினாள். ஒரு வாய், இன்னொரு வாய். விக்டர் பீரோ ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார். தயிர்சாதம் தொண்டையில் இறங்கும்போது சிவராமனுக்குக் கண் கலங்கியது. மோர் மிளகாய் காரம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். அதில் மோர் மிளகாயே இல்லை.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ பேசினார். காலையிலிருந்து பார்த்த அத்தனை பேரின் வீட்டிலும் முதியவர்கள் சொல்லி வைத்தாற்போல் மூன்றாம் தடவை வாயைத் திறந்தார்கள், எங்கள் இல்லத்தில் ஒருவர்கூட அப்படித் திறப்பதில்லை, இன்றைக்குத்தான் நிஜமாகவே அடம்பிடிக்கிற ஒருவரைப் பார்த்தோம் என்று சொன்னதாக விக்டர் பிறகு மொழிபெயர்த்தார். ப்ரீத்திக்கு அந்த இடத்திலேயே வேலை உறுதியானது.

இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் அந்த அம்மாள் சிவராமனைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஓத்தோசான் வா, தாரே தோ, தபேமாஸ் கா?"

யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஓத்தோசான் என்றால் அப்பா. தாரே என்றால் யார். தோ என்றால் கூட. மகள் தினமும் சாயங்காலம் சொல்லிச் சொல்லி அவருக்குள் இறங்கியிருந்த சொற்கள் நம் ஊர் வரிசையிலேயே வந்து நின்றன. அப்பா, யார்கூட, சாப்பிடுவார்? சிவராமன் எழுந்து நின்று குனிந்து வணங்கிவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். பின்னால் ப்ரீத்தியின் விசும்பல் கேட்டது.

ப்ரீத்தி கிளம்பிப் போன முதல் வாரம் சிவராமன் எதை எப்போது சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இரண்டாவது வாரம் காலை எட்டரைக்கு வீடியோ அழைப்பு வந்தது. அந்த இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம். தலைவி அம்மாளும் ப்ரீத்தியும் தெரிந்தார்கள். இருவருக்கும் நடுவில் சுருங்கிய முகத்தோடு ஒரு பாட்டி உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, இவங்க மொரிதா அம்மா. யார் ஊட்டினாலும் சாப்பிட மாட்டேங்கிறாங்க. தனியா என்னத்தைத் திங்கிறதுன்னு கேக்குறாங்க. மேடம்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க. உங்க வேலை ரொம்பச் சின்னதுப்பா. தட்டை எடுத்துட்டு வந்து எதிர்ல உக்காருங்க."

சிவராமன் இட்லித் தட்டோடு வந்து உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். "கோஹன் தபேமஷ்தகா?" மொரிதா அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மதா" என்று முனகினார். சிவராமன் இட்லியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அந்தக் கிழவியா இந்தக் கிழவரா என்று பார்த்துவிடலாம் என்கிற மாதிரி இருவரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் மொரிதா அம்மாவே ஸ்பூனை எடுத்தார்.

அன்றிலிருந்து அவருக்குக் காலை டிபன், அந்த அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு, இரண்டும் ஒரே வேளை. ப்ரீத்தியும் அந்த மேஜையில்தான் இருப்பாள். மொரிதா அம்மா லேசுப்பட்டவர் இல்லை. சிவராமன் தனக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தால் அன்றைக்கு ஸ்பூனையே தொடமாட்டார்.

மார்கழியில் ஒருநாள் ரங்கநாயகி எட்டு மணிக்கே கதவைத் தட்டி, நெய் மிதக்கும் வெண்பொங்கலைக் கொடுத்துவிட்டுப் போனார். சூடு ஆறுவதற்குள் ஒரு வாய் பார்ப்போம் என்று உட்கார்ந்த சிவராமன், கிண்ணத்தின் அடி தெரிந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்த நேரம் போன் அடித்தது.

திரையில் மொரிதா அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை உற்றுப் பார்த்தார். இந்த முறை அவரே முந்திக்கொண்டார். "கோஹன் தபேமஷ்தகா?"

வேலை பார்த்த காலத்தில் அரை நாள் லீவுக்குக்கூடப் பொய் சொன்னதில்லை என்று பீற்றிக்கொள்கிறவர் சிவராமன். கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "மதா தெஸ்" என்றார்.

பின்னால் நின்றிருந்த ப்ரீத்திக்கு அப்பாவின் மீசையில் ஒட்டியிருந்த பொங்கலும், ஒரு முழு மிளகும் நன்றாகத் தெரிந்தன. அவள் காட்டிக்கொடுக்கவில்லை. மொரிதா அம்மாவின் தோளில் கை வைத்தபடி குனிந்து, இந்தப் பக்கம் பார்த்து, "ஓத்தோசான், ஹிதோகுச்சி தகே" என்றாள்.

சிவராமன் எழுந்து போய் ஓர் இட்லி எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று தடவை கேட்க வைக்கவில்லை.